கொட்டேஷனில் முதலில் அடிபடும் இரண்டு வரிகள்: வலைத்தள வடிவமைப்பில் செயல்முறை எதற்கு?

செந்தில்_கோவை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வலைத்தளங்கள் செய்து தருகிறோம். இப்போது ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தளம் கேட்கிறார்கள். உறுப்பினர்கள் தங்கள் கூலிக் கணக்கைப் பார்க்க வேண்டும், பாவு நூல் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், சேலைகளை வெளியாருக்கு விற்கவும் ஒரு பகுதி வேண்டும். கொட்டேஷன் அனுப்பினோம். திரும்பி வந்த தாளில் இரண்டு வரிகளைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். ஒன்று, 'உறுப்பினர்களை நேரில் பார்த்துப் பேசுதல்'. இன்னொன்று, 'மாதிரிப் பக்கங்களை அவர்கள் கையில் கொடுத்துச் சோதித்தல்'. "டிசைனைக் காட்டுங்கள், பிடித்திருந்தால் மேலே பேசுவோம்" என்கிறார் செயலாளர்.

அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் காசு கொடுத்து வாங்குவது தளத்தை. எங்கள் குழுவிலேயே ஒருவர், "கண் நன்றாக இருந்தால் டிசைன் நன்றாக வரும், மற்றதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சடங்கு" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் செயலாளர் முன் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல என் கையில் நடந்த கதைகள் வேண்டும். பொதுவான அறிவுரை வேண்டாம். தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

கதிரவன் எழுதியது:

செந்தில், நான் அந்தச் செயலாளர் இடத்தில் இருந்தால் அதே இரண்டு வரிகளைத்தான் அடித்திருப்பேன்.

இந்தத் தொழிலில் நீண்ட காலமாக இருக்கிறேன். சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகள் ஒட்டி, பயனர்களுக்குக் கற்பனைப் பெயர்கள் சூட்டி, ஒவ்வொரு வாரமும் கூட்டம் போட்டு, கடைசியில் எல்லாத் தளங்களையும் போலவே இருக்கும் ஒரு தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன குழுக்களைப் பார்த்திருக்கிறேன். முடிவெடுக்கத் துணிவில்லாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடமாகச் செயல்முறை மாறிவிடுகிறது என்பது என் குற்றச்சாட்டு.

நடந்த கதைதானே கேட்கிறீர்கள்? டக்ளஸ் போமன் கூகுளில் காட்சி வடிவமைப்பை வழிநடத்தியவர். 2009 மார்ச்சில் அங்கிருந்து வெளியேறியபோது காரணத்தை வெளிப்படையாக எழுதினார். இரண்டு நீலங்களுக்கு இடையே முடிவு செய்ய முடியாமல் 41 நீலங்களைச் சோதனைக்கு விட்டார்கள். ஒரு கோட்டின் தடிமன் 3 பிக்சலா, 4 பிக்சலா, 5 பிக்சலா என்பதற்கு அவரிடம் ஆதாரம் கேட்டார்கள். ஒவ்வொரு முடிவையும் எண்களால் நிரூபிக்கச் சொல்லும் இடத்தில் வடிவமைப்பாளன் எதற்கு? அவர் போனது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நல்ல கண் உள்ள ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். அவர் செய்து காட்டட்டும். நெசவாளர்களிடம் போய் "உங்களுக்கு எப்படிப்பட்ட தளம் வேண்டும்" என்று கேட்டால், பாவம், அவர்கள் என்ன சொல்வார்கள்?

மலர்விழி_லண்டன் எழுதியது:

கதிரவன், உங்கள் கடைசிக் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். "என்ன வேண்டும்" என்று கேட்பது ஆய்வு ஆகாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

செந்தில் தம்பி, நான் இங்கே ஒரு உள்ளாட்சி மன்றத்தில் சேவைப் பக்கங்களுக்கான உள்ளடக்கம் எழுதுகிறேன். எங்களைப் போன்றவர்கள் வேலை செய்யும் விதத்தையே மாற்றிய தளம் பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே. அதன் கதையைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுருக்கினால் சாரம் போய்விடும்.

2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் என்பவர் அமைச்சர் ஃபிரான்சிஸ் மாடுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அரசின் தளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்வது போதாது, அடியோடு மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நேரத்தில் குடிமக்களுக்கு டைரக்ட்கவ், வணிகர்களுக்கு பிசினஸ் லிங்க், அதற்கு மேல் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனித் தளங்கள் என்று நூற்றுக்கணக்கில் இருந்தன.

அவர்கள் முழுத் தளத்துக்கும் திட்டம் எழுதி ஒப்பந்தம் விட்டுவிடவில்லை. ஒரு சிறிய குழு 12 வாரங்களில், 2,61,000 பவுண்ட் செலவில் ஒரு மாதிரித் தளத்தைக் கட்டி 2011 மே மாதம் பொதுமக்கள் முன்னால் வைத்தது. அது தூக்கிப் போடுவதற்கென்றே கட்டியது. திட்டினார்கள், குறிப்பாகப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வசதிகளை விட்டுவிட்டார்கள் என்று கடுமையாகவே திட்டினார்கள். அடுத்த பதிப்பு 2012 தொடக்கத்தில் வந்தது. 2012 அக்டோபர் 17 அன்றுதான் அது டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் இரண்டின் இடத்தையும் பிடித்தது. அடுத்த ஆண்டு லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பு' விருது அதற்குக் கிடைத்தது. நாற்காலிகளும் கட்டடங்களும் போட்டியிட்ட இடத்தில், அலங்காரமே இல்லாத ஓர் அரசுத் தளம்.

ஒரே ஒரு பக்கத்தைப் பாருங்கள். பொது விடுமுறைப் பட்டியல். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த விடுமுறை என்றைக்கு? அந்தத் தேதி மேலே பெரிய எழுத்தில் இருக்கும். பட்டியல் அதற்குக் கீழே. இதைச் செய்ய மேதை வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு துறை அதிகாரியிடம் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் துறையின் பெயர், பிறகு அமைச்சரின் படம், பிறகு விடுமுறைச் சட்டத்தின் வரலாறு, கடைசியில் தேதி. தங்கள் வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவதாக அவர்கள் பயனரின் தேவையை வைத்து, இது அரசின் தேவை அல்ல என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியது இதற்காகத்தான்.

யாழ்நிலவன் எழுதியது:

மலர்விழி அக்கா சொன்னது நன்றாக நடந்த கதை. நான் அதற்கு நேர் எதிரான கதையைச் சொல்கிறேன். நான் பின்புல நிரலன், சர்வர் சுமைச் சோதனைதான் என் அன்றாட வேலை. அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் தளத்தைப் பற்றிப் படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன்.

2013 அக்டோபர் 1. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு வாங்குவதற்கான கூட்டாட்சி அரசின் தளம் திறக்கிறது. முதல் நாளில் சுமார் 47 லட்சம் பேர் வந்தார்கள். அன்று கடைசிவரை போய்ப் பதிவை முடித்தவர்கள் 6 பேர். ஆறே பேர். அந்த எண்ணிக்கை வெளியில் தெரிந்ததே பின்னால் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட கூட்டக் குறிப்புகளிலிருந்துதான்.

சர்வர் தாங்கவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் தாங்கவில்லை என்று பார்த்தால் அது வடிவமைப்பில் போய் நிற்கிறது. கணக்குத் தொடங்காமலே திட்டங்களையும் விலைகளையும் பார்க்கும் வசதி முதலில் திட்டத்தில் இருந்தது. திறப்புக்குச் சற்று முன்னால் அதை நிறுத்திவிட்டார்கள். விளைவு என்ன? சும்மா விலை பார்க்க வந்தவர்களும் கணக்குத் தொடங்கி, அடையாளத்தைச் சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் உள்ளே போக முடியும். லட்சக்கணக்கானவர்கள் ஒரே கதவில் முட்டினார்கள். அந்தக் கதவுதான் முதலில் உடைந்தது.

முழுப் பாதையையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒன்றாக ஓடவிட்டுச் சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்ததாரர்களே அக்டோபர் 24 அன்று நாடாளுமன்றக் குழு முன் சொன்னார்கள். அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டியிருந்தது என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

செந்தில், உங்கள் செயலாளர் அடித்த இரண்டாவது வரி இதுதான்.

கதிரவன் எழுதியது:

> செந்தில், உங்கள் செயலாளர் அடித்த இரண்டாவது வரி இதுதான்.

யாழ்நிலவன், நீங்கள் எனக்காக வாதாடிவிட்டீர்கள். அந்தத் திட்டத்தில் செயல்முறைக்கு என்ன குறை? 55 ஒப்பந்ததாரர்கள், கட்டம் கட்டமான பரிசீலனைகள், கையெழுத்துகள், அறிக்கைகள். மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தை வைத்து 2013 வசந்த காலத்தில் தனியாக ஒரு மதிப்பீடும் செய்தார்கள். தேவைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சோதனைக்கு நேரம் போதாது, முழு அளவில் ஒரே நாளில் திறப்பது ஆபத்து என்று அந்த மதிப்பீடு எச்சரித்தது. மூத்த அதிகாரிகளுக்கு அதை விளக்கியும் சொன்னார்கள். ஆக, செயல்முறை இருந்தது, அது எச்சரிக்கவும் செய்தது. பயன் என்ன?

ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்தது என்று ஒரே போக்கில் இறங்கும் பழைய அருவி முறையைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள். அந்த முறையைப் படமாகப் போட்ட மனிதரே, இப்படி ஒரே போக்கில் செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். எந்தச் செயல்முறைக்கும் இதுதான் கதி. அதனால்தான் மனிதரை நம்புங்கள் என்கிறேன்.

யாழ்நிலவன் எழுதியது:

கதிரவன் அண்ணா, ராய்ஸைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. மெக்கின்சி பற்றியும் உண்மை. ஆனால் அதிலிருந்து நீங்கள் வரும் முடிவு எனக்கு ஒப்பவில்லை.

அந்த எச்சரிக்கை வந்தபோது அதை வைத்து எதையாவது மாற்றும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்று கேளுங்கள். அக்டோபர் 1 என்ற நாள் மாறாது. எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நாளில் திறப்பது என்பது மாறாது. 55 நிறுவனங்களையும் ஒன்றாகக் கோக்கும் பொறுப்பைத் தளத்தைக் கட்டவைத்த அரசுத் துறையே வைத்திருந்தது, ஆனால் அதற்குள் "இது தயாராக இல்லை, நிறுத்துங்கள்" என்று சொல்லிச் செல்லுபடியாகக்கூடிய ஒருவர் இல்லை. கெட்ட செய்தி வந்தது. வந்த செய்தி போய் உட்கார இடம் இல்லை. நான் செயல்முறை என்று சொல்வது அந்த இடத்தைத்தான். தாள்களை அல்ல.

மீட்பு நடந்த விதத்தைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஜெஃப் ஜயன்ட்ஸ் பொறுப்பேற்றார். கூகுளிலிருந்து மைக்கி டிக்கர்சன் போன்றவர்கள் வந்தார்கள். அவர்கள் முதலில் செய்தது அளவிடும் கருவி பொருத்தியது. அதுவரை தளத்தின் எந்தப் பகுதி மெதுவாக இருக்கிறது என்று பார்க்க ஒழுங்கான ஒரு திரை கூட இல்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு முறை எல்லா நிறுவனத்தாரும் கூடினார்கள். டிக்கர்சன் சுவரில் எழுதி வைத்த விதிகள் பிரபலம். கூட்டம் சிக்கலைத் தீர்ப்பதற்கு, பழியை மாற்றிவிட வேறு இடங்கள் உண்டு என்பது ஒன்று. பதவியில் உயர்ந்தவர் அல்ல, அந்த விஷயத்தை அதிகம் அறிந்தவர் பேச வேண்டும் என்பது இன்னொன்று.

டிசம்பர் 1 அன்று அரசு வெளியிட்ட கணக்குப்படி, அக்டோபர் இறுதியில் பக்கம் திறக்கச் சராசரியாக 8 வினாடி ஆனது 1 வினாடிக்குள் வந்தது. பிழை விகிதம் 6 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்குக் கீழே போனது. அந்த மீட்பு வாரங்களில் பெரும்பாலும் அதே நிரலர்கள், அதே நிறுவனங்கள்தான். 2014 ஏப்ரலில், மாநிலங்களின் சொந்தத் தளங்களையும் சேர்த்து, சுமார் 80 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள்.

மனிதரை நம்புங்கள் என்கிறீர்கள். அக்டோபர் 1க்கு முன்னாலும் அந்த மனிதர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லவும், சொன்னது காதில் விழவும் வழி அதற்குப் பிறகுதான் பிறந்தது.

ஃபாத்திமா_ந எழுதியது:

நான் எல்லோரும் அணுகக்கூடிய வகையில் தளங்கள் இருக்கின்றனவா என்று சோதிப்பவள். பெரிய கதைகள் பேசிவிட்டீர்கள். நான் ஒரே ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

படிவத்தில் ஓர் எண் கேட்கிறீர்கள். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அதற்கென்றே 'நம்பர்' என்ற உள்ளீட்டு வகை இருக்கிறது. எந்த நிரலரும் யோசிக்காமல் அதைப் போடுவார். நான் பாடம் எடுக்கும் இடங்களில் கேட்டால் எல்லோரும் அதுதான் சரி என்பார்கள். கவ்.யூகேயின் வடிவமைப்புத் தொகுதியும் அதைத்தான் பயன்படுத்தியது. பிறகு பயனர்களிடமிருந்தும் சோதனைகளிலிருந்தும் குறைகள் வரத் தொடங்கின. எண்ணை எழுதிவிட்டுப் பக்கத்தைக் கீழே உருட்டச் சுட்டியின் சக்கரத்தைச் சுழற்றினால், சில உலாவிகளில் பக்கம் நகராமல் பெட்டியில் இருக்கும் எண் மாறிவிடும். எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. கையைப் பயன்படுத்த முடியாமல் குரலால் கணினியை இயக்குபவர்கள் பயன்படுத்தும் டிராகன் மென்பொருளில் அந்தப் பெட்டி சரியாக அடையாளம் காணப்படவில்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் சில திரை வாசிப்பான்களிலும் சிக்கல்.

2020 தொடக்கத்தில் அவர்கள் அந்தப் பரிந்துரையை மாற்றினார்கள். சாதாரண எழுத்துப் பெட்டி, அதோடு கைபேசியில் எண் விசைப்பலகை வருவதற்கான ஒரு பண்பு. பார்வைக்குப் பெட்டி அதேதான். ஒரு பிக்சல் கூட மாறவில்லை.

கதிரவன் அண்ணா, உங்கள் கண்ணின் மேல் எனக்கு மரியாதை உண்டு, நீங்கள் இங்கே பகிரும் வேலைகளைப் பார்த்து வருகிறேன். ஆனால் எவ்வளவு நல்ல கண்ணாலும் இந்தக் குறையைப் பார்த்திருக்க முடியாது. பக்கங்களை வரையும் ஃபிக்மா மென்பொருளில் அது தெரியாது. நிரலிலும் எழுத்துப்படி எல்லாம் சரி. குரலால் இயக்கும் ஒருவர் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது அசையாமல் நின்றபோது மட்டுமே அந்தக் குறை இருப்பது தெரியும். அவரை உட்கார வைக்க யாராவது முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

கூலிக் கணக்கில் ஓர் எண் தானாக மாறினால் என்ன ஆகும் என்று செந்தில் அண்ணா யோசித்துப் பாருங்கள். நூல் 5 கிலோ கேட்டவருக்கு 4 கிலோ பதிவாகும். யாரும் தளத்தைக் குறை சொல்ல மாட்டார்கள், அவர்தான் தவறாக அடித்தார் என்பார்கள். எழுதத் தெரியாதவர் என்ற பெயர் அவருக்கு வரும். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

பிரவீன்_மாணவர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி இறுதியாண்டு. ஒரு சந்தேகம். எத்தனை பேரை வைத்துச் சோதித்தால் போதும்? எங்கள் பாடத்தில் 5 பேர் போதும், 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று இருக்கிறது. செந்தில் அண்ணாவின் சங்கத்திலும் 5 பேரைக் கூப்பிட்டால் வேலை முடிந்துவிடும் அல்லவா?

மலர்விழி_லண்டன் எழுதியது:

பிரவீன் தம்பி, பாடத்தில் பாதி வந்திருக்கிறது. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது அது. சராசரியாக ஒரு பயனர் 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுப்பார் என்ற கணக்கின் மேல் நிற்பது அந்த 85. ஆனால் அந்தக் கட்டுரையின் உண்மையான வாதம் வேறு. உன்னிடம் 15 பேரைக் கூப்பிடப் பணம் இருந்தால், ஒரே சோதனையில் 15 பேரையும் செலவழிக்காதே. 5 பேர், திருத்து, மறுபடி 5 பேர், திருத்து, மறுபடி 5 பேர். முதல் சோதனைக்குப் பிறகு செய்யும் திருத்தமே புதிய குறையைக் கொண்டுவரும், அதைப் பார்க்க ஆள் மிச்சம் இருக்க வேண்டும்.

2001இல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பொருள் வாங்கும் தளங்களைச் சோதித்துவிட்டு இதை மறுத்தார்கள். அவர்கள் சோதனையில் முதல் 5 பேர் காட்டியது 35 சதவீதக் குறைகளைத்தான். ஆளாளுக்கு வேறு பொருள் வாங்குகிறார்கள், வேறு பாதையில் போகிறார்கள், அதனால் வேறு வேறு குறைகள். அந்தச் சங்கத்தில் கூலி பார்ப்பவரும் சேலை வாங்குபவரும் ஒரே ஆள் அல்ல. ஆகவே ஐந்து என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளாதே. சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் திருத்த நேரம் இருக்கிறதா என்று முதலில் பார்.

அன்புச்செல்வி எழுதியது:

தமிழ்த் தளம் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். எழுத்துருவும் உள்ளடக்கமும் என் வேலை.

நம் ஊரில் பெரும்பாலான தளங்கள் ஆங்கிலத்தில் வடிவமைக்கப்பட்டு, ஒப்புதல் வாங்கப்பட்டு, கடைசி வாரத்தில் தமிழ் ஊற்றப்படுகின்றன. அப்போது என்ன நடக்கிறது? ஆங்கிலத்தில் நான்கெழுத்துப் பொத்தான், தமிழில் 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' என்று ஆகி இரண்டு வரிக்கு மடிகிறது. வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விட்ட இடைவெளியில் கீ, ஞ், ணி எல்லாம் தலை வெட்டுப்பட்டு நிற்கின்றன. தடித்த எழுத்தில் புள்ளி ஒட்டிக்கொண்டு மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகத் தெரிகின்றன. உடனே எழுத்தின் அளவைக் குறைக்கிறார்கள். வயதானவர்களால் படிக்க முடியாமல் போகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இதில் யாருடைய தவறும் இல்லை, வேலையின் வரிசைதான் தவறு.

மலர்விழி அக்கா சொன்ன கவ்.யூகேயில் உள்ளடக்கம் எழுதுபவர்கள் வடிவமைப்புக் குழுவுக்குள்ளேயே முதல் நாளிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். நாமும் முதல் ஓவியத்திலேயே உண்மையான தமிழ் வாசகத்தைப் போட்டால் இந்தச் சிக்கல்களில் பாதி எழாது. 'சமர்ப்பிக்கவும்' என்பது வேண்டுமா, 'அனுப்பு' போதுமா என்ற பேச்சும் அப்போதே நடந்துவிடும். இதற்குத் தனிச் செலவே இல்லை, செந்தில். கொட்டேஷனில் அடிக்க வரியும் இருக்காது.

கதிரவன் எழுதியது:

ஃபாத்திமா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த எண் பெட்டிக்கு என்னிடம் பதில் இல்லை. கண்ணால் காண முடியாத குறைகள் உண்டு, அவற்றுக்கு ஆளை உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். யாழ்நிலவன் சொன்ன 'கெட்ட செய்தி உட்கார இடம்' என்பதையும்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். கவ்.யூகேயின் எழுத்துரு எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்காக ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் உருவாக்கிய டிரான்ஸ்போர்ட் எழுத்தின் வழி வந்தது அது. அந்தச் சாலைப் பலகைகளுக்கே ஒரு சோதனை நடந்தது. டேவிட் கிண்டர்ஸ்லி என்ற எழுத்துச் செதுக்குநர், முழுக்க ஆங்கிலக் கேபிட்டல் எழுத்துகளால் ஆன தன்னுடைய வடிவம்தான் தொலைவிலிருந்து நன்றாகப் படிக்க வரும் என்று வாதிட்டார். சாலை ஆராய்ச்சிக் கூடத்தினர் பென்சன் விமானத்தளத்தில் ஆட்களை உட்கார வைத்து, பலகையைத் தலையில் ஏற்றிய கார்களை அவர்களை நோக்கி ஓட்டினார்கள். கிண்டர்ஸ்லியின் எழுத்து மிகச் சிறிதளவு முன்னால் வந்தது, பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. அங்கே சோதனை நின்றுவிட்டது. எது அழகு, எது அந்தப் பலகைக்குப் பொருந்தும் என்று மனிதர்கள் பார்த்து முடிவு செய்தார்கள். இன்று பிரிட்டன் முழுக்க நிற்பது கால்வெர்ட்டின் எழுத்து.

எந்தச் சோதனையும் அந்த எழுத்தை வரைந்திருக்காது. விடுமுறைத் தேதியைப் பெரிதாகப் போடலாம் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டும். போமனை விரட்டியது சோதனை அல்ல, சோதனை சொல்ல முடியாத இடத்திலும் அதையே கேட்டுக்கொண்டிருந்த பிடிவாதம். செந்திலின் குழுவில் கண் உள்ளவர் யாரோ, அவர் பேச்சுக்கும் அந்த மேசையில் இடம் கொடுங்கள்.

யாழ்நிலவன் எழுதியது:

பென்சன் கதை எனக்குப் புதிது. நன்றி அண்ணா. இதில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டு எழுத்தும் படிக்க முடிகிறது என்று தெரிந்த பிறகு அழகைப் பற்றிப் பேசுவது எவ்வளவு நிம்மதியான பேச்சு.

செந்தில்_கோவை எழுதியது:

எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. செயலாளரிடம் ஹெல்த்கேர்.கவ் கதையைச் சொன்னேன். "அது அமெரிக்கா" என்றார். எண் பெட்டிக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கூலிக் கணக்கு தப்பாகிவிட்டால் சங்க வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்றார். அடித்த இரண்டு வரிகளையும் தனித் தலைப்பாக வைக்காமல் முதல் கட்டத்துக்குள்ளேயே சேர்க்கிறேன். அதற்குள் நாங்கள் முழு டிசைன் தர மாட்டோம், நூல் பதிவு என்ற ஒரே ஒரு வேலைக்கான பக்கங்களை மட்டும் தமிழில் செய்து உறுப்பினர்கள் கையில் கொடுப்போம். அது சரிவராவிட்டால் அவர் ஒப்பந்தத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு ஒத்துக்கொண்டார்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உறுப்பினர்களில் பலரிடம் பொத்தான் வைத்த பழைய போன்தான் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. போய்ப் பேசிப் பார்த்துவிட்டு, கூலிக் கணக்குக்குத் தளமே வேண்டாம், எஸ்எம்எஸ் போதும் என்று தெரிந்தால் என்ன செய்வது? எங்கள் வேலையே போய்விடாதா?

மலர்விழி_லண்டன் எழுதியது:

அப்படித் தெரிந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், தம்பி. இங்கே அரசு சேவைகளுக்கு ஆய்வுக் கட்டம், மாதிரிக் கட்டம், சோதனை வெளியீடு, முழு வெளியீடு என்று வரிசை வைத்திருக்கிறார்கள். ஆய்வுக் கட்டத்தின் முடிவில் "இதைக் கட்ட வேண்டாம்" என்று சொல்வதும் செல்லுபடியாகும் முடிவு என்று அவர்களுடைய வழிகாட்டியிலேயே இருக்கிறது. சங்கத்துக்குச் சேலை விற்கும் பகுதி எப்படியும் வேண்டும், அதற்கு வாங்குபவர்கள் தளத்துக்குத்தான் வருவார்கள். கூலிக் கணக்கை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் வேலையையும் நீங்களே செய்யலாம்.

நேரில் போகும்போது, கதிரவன் பயந்த அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். "கடைசியாக வாங்கிய கூலிச் சீட்டைக் காட்டுங்கள், அதைச் சரிபார்த்தீர்களா, எப்படிச் சரிபார்த்தீர்கள்" என்று கேளுங்கள். யாரோ நோட்டில் குறித்து வைத்திருப்பார்கள், யாரோ மகளிடம் கேட்டிருப்பார்கள், யாரோ பார்க்காமலே வாங்கியிருப்பார்கள். அந்த நோட்டைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். அதில் எந்தத் தகவலை முதலில் எழுதியிருக்கிறார்கள், எதை எழுதவே இல்லை என்று பார்த்து அதே வரிசையில் உங்கள் முதல் பக்கத்தை அடுக்குங்கள். உங்கள் குழுவில் நிரல் எழுதுபவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் மட்டும் போய் வந்து அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். தறி ஓடும் நேரம் பார்த்துப் போகாதீர்கள், சத்தத்தில் யாருக்கும் பேச்சு கேட்காது.

செந்தில்_கோவை எழுதியது:

சரி அக்கா. பொதுவாகச் சம்பள நாளன்று எல்லோரும் சங்கத்துக்கு வருகிறார்கள், அன்றைக்கே போகிறோம். ஃபாத்திமா, குரலால் இயக்கிச் சோதிக்க யாரையாவது அறிமுகப்படுத்த முடியுமா? அவர் நேரத்துக்கு உரிய பணம் தந்துவிடுகிறோம்.

ஃபாத்திமா_ந எழுதியது:

முடியும். தனிச் செய்தி அனுப்புங்கள். நூல் பதிவுப் பக்கங்கள் தயாரானதும், அழகுபடுத்தக் காத்திருக்காமல், அப்படியே அனுப்பிவிடுங்கள்.